பழைய எண் 14, புதிய எண் 27

எங்கள் வீட்டு வாசல் தூணில் இரண்டு எண்கள் இருக்கின்றன. தாத்தா காலத்தில் பெயிண்டில் எழுதியது 14. அதற்கு மேலே ஆணி அடித்து மாட்டிய தகட்டில் 27. சென்னையில் பழைய தெருக்களில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. மேற்கு மாம்பலத்தில் கல்யாணப் பத்திரிகையில்கூட 'பழைய எண், புதிய எண்' என்று இரண்டையும் அச்சடிப்போம். அப்படியும் கொரியர் கொண்டுவருகிற பையன் புதிய 14-இன் வாசலில் நின்றுகொண்டு, "சார், இங்க வேற யாரோ இருக்காங்க சார்" என்று போன் செய்வான். தபால்காரருக்கு மட்டும் இந்தத் தொல்லை கிடையாது. அவருக்கு அப்பாவின் பெயர் போதும்.

2024 கோடையில் ஒரு டொமைன் பெயரை, அதாவது ஓர் இணையதள முகவரிப் பெயரை வாங்கி, அதை வீட்டில் ஓடும் ஒரு பழைய லேப்டாப்புக்குத் திருப்பிவிட முயன்று, ஏறத்தாழ மூன்று வாரம் நான் பட்ட பாட்டுக்கு இந்தத் தூணைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் அந்த லேப்டாப்பில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அப்பா ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். 1997-இல் இருந்து மொட்டை மாடியில் மழை அளக்கிறார். கருவி என்று பெரிதாக எதுவும் இல்லை. 20 சென்டிமீட்டர் வாய் உள்ள புனல், அதன் கீழே ஐந்து லிட்டர் கேன், ஒரு அளவு ஜாடி. புனல் வாயின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். ஆகவே 31.4 மில்லி தண்ணீர் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர் மழை. தினமும் காலை 8:30-க்கு மேலே போவார். வானிலை ஆய்வு மையம் ஒரு நாள் மழையை காலை 8:30 முதல் மறுநாள் 8:30 வரை கணக்கெடுப்பதால் இவரும் அந்த நேரத்தை விடுவதில்லை. 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது 'மழை நாள்' கணக்கில் வராது என்பதிலும் கண்டிப்பு. நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் எவ்வளவு என்று மறுநாள் பேப்பரில் பார்த்து, பக்கத்தில் பென்சிலில் எழுதிக்கொள்வார். இப்படி ஒன்பது நோட்டுகள்.

அதையெல்லாம் நான் கணினியில் ஏற்றி ஒரு சின்ன இணையதளம் செய்தேன். மாதத்துக்கு ஒரு சிறிய தொகை கொடுத்து வாடகை சர்வரில் வைத்திருந்தால் அரை மணி நேர வேலை. ஆனால் அந்த நோட்டுகளை ஜெராக்ஸ் கடைக்குக்கூடத் தராத மனிதர் என் அப்பா. "வெளியூர்ல எங்கயோ ஒரு மெஷின்ல இருக்குமா? நம்ம வீட்டுலயே வைக்க முடியாதா?" என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

பெயர் வாங்கியது எளிது. தமிழிலேயே வாங்கலாம், டாட் இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே முடிகிற முகவரிகள் உண்டு. ஆனால் பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்லும் டி.என்.எஸ். முறையின் உள்ளே அது எக்ஸ், என், இரண்டு சிறுகோடு என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் போகும். சில இடங்களில் அந்தக் குவியலே வெளியிலும் தெரியும். அத்தைக்குப் போனில் சொல்லக்கூடிய பெயராக இருக்கட்டும் என்று டாட் இன் எடுத்தேன். பணம் கட்டிய சில நிமிடங்களில் பெயர் என்னுடையது. உலாவியில் அடித்துப் பார்த்தால் விற்ற கம்பெனியின் விளம்பரப் பலகை. காலி மனையில் 'இடம் விற்பனைக்கு அல்ல' என்று போர்டு நட்ட மாதிரி.

அடுத்து, பெயருக்கு எதிரே வீட்டின் எண்ணை எழுத வேண்டும். அதற்குத்தான் ஏ ரெக்கார்டு. இந்தப் பெயரைக் கேட்டால் இந்த ஐ.பி. எண்ணை, அதாவது வலையில் ஒரு கணினியின் கதவு எண்ணைச் சொல் என்கிற ஒரே ஒரு வரி. லேப்டாப்பில் பார்த்தேன், 192.168.1.7 என்று இருந்தது. அதையே எழுதினேன். அப்பாவின் போனில் பெயரை அடித்தேன். தளம் திறந்தது! 1997 நவம்பர் பக்கத்தைப் பார்த்து அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. உடனே கோயம்புத்தூரில் இருக்கும் அத்தை பையனுக்குப் போன் போட்டு, பார் என்றார். "வரலையே மாமா" என்றான் அவன்.

எப்படி வரும்? 192.168 என்று தொடங்கும் எண்கள் வீட்டுக்குள் மட்டும் புழங்குவதற்காக 1990-களிலேயே ஒதுக்கிவைத்தவை. உலகத்தில் பாதி வீடுகளில் அதே எண்கள்தான். 'மாடிப் படிக்கு எதிர் ரூம்' என்று தபாலில் விலாசம் எழுதியது போல. கோயம்புத்தூரில் அவன் வீட்டு மாடிப் படிக்கு எதிர் ரூமில் அவனுடைய பிரிண்டரோ டிவியோ இருந்திருக்கும்.

சரி, வெளி எண் என்ன என்று ஒரு தளத்தில் பார்த்தேன். 103 என்று தொடங்கியது. அதை எழுதினேன். ரவுட்டரில் போய், இணையதளங்களுக்கான வாசல்களாகிய 80, 443 என்ற போர்ட்டுகளுக்கு வருவதை எல்லாம் லேப்டாப்புக்கு அனுப்பு என்று சொன்னேன். லேப்டாப்பின் உள் எண் மாறாமல் இருக்கவும் ஏற்பாடு செய்தேன். வழிகாட்டிகள் எல்லாம் இதோடு முடிகின்றன. எனக்கு முடியவில்லை. யாருக்கும் திறக்கவில்லை.

இரண்டு நாள் ரவுட்டர் அமைப்புகளையே பிறாண்டிக்கொண்டிருந்தேன். பயர்வாலைச் சந்தேகப்பட்டேன், லேப்டாப்பைச் சந்தேகப்பட்டேன். ரவுட்டரில் 'வேன்' என்று ஒரு பக்கம் இருக்கிறது, வெளியில் இருந்து அதற்குக் கிடைத்திருக்கும் எண் அங்கே தெரியும். முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய இடம் அது. அங்கே 103 இல்லை. 100.7x என்று ஏதோ இருந்தது.

நீங்கள் இதைச் செய்யப் போகிறீர்கள் என்றால், டொமைன் வாங்குவதற்கு முன்பே அந்தப் பக்கத்தைப் பாருங்கள். வெளியே தெரிகிற எண்ணும் அங்கே இருக்கிற எண்ணும் ஒன்றாக இல்லையென்றால், அதிலும் 100.64 முதல் 100.127 வரை ஏதாவது இருந்தால், உங்கள் வீட்டுக்கு என்று தனி எண் கிடையாது. இணைய சேவை கொடுப்பவர் பல வீடுகளை ஒரே வெளி எண்ணுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். சி.ஜி.நாட் என்பார்கள். இதற்காகவே 2012-இல் அந்த வரிசையில் சுமார் 42 லட்சம் எண்களைத் தனியாக ஒதுக்கினார்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்குத் தெரிந்தது ஒரே கதவு எண். உள்ளே இருப்பவர் யாராவது வெளியே ஆர்டர் போட்டால் வாட்ச்மேன் குறித்து வைத்துக்கொள்வார், பார்சல் வந்ததும் இது இரண்டாவது மாடி என்று அனுப்பிவிடுவார். யாரும் கேட்காமல் திடீரென்று ஒருவர் வந்து "மழைக்கணக்கு வீடு எது?" என்றால் வாட்ச்மேனுக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார். நான் ரவுட்டரில் செய்த போர்ட் வேலையெல்லாம் என் பிளாட்டின் கதவைத் திறந்து வைத்தது மட்டும்தான். கீழே கேட் பூட்டியே இருந்தது. டைனமிக் டி.என்.எஸ். போட்டுக்கொள் என்று பலர் சொல்வார்கள். அது அடிக்கடி மாறுகிற எண்ணைப் பின்தொடர உதவும். பொது எண்ணே இல்லாதவனுக்கு ஒரு பயனும் இல்லை.

ஏன் இந்தப் பற்றாக்குறை? பழைய ஐ.பி. முறையில் மொத்தம் 429 கோடி எண்கள்தான் இருக்க முடியும். அதிலும் பயன்படுத்த முடியாதவை உண்டு. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. ஏப்ரலில் நம் ஆசிய பசிபிக் வட்டாரத்துக்குக் கடைசித் தொகுப்பில் கைவைக்க வேண்டி வந்தது. இந்தியாவில் ஆள் மட்டும் 140 கோடிக்கு மேல். ஆளுக்கு ஒரு போன், வீட்டுக்கு ஒரு ரவுட்டர். இதில் மொட்டை மாடிப் புனலுக்குத் தனி எண் கேட்டால்?

கேட்டேன். வாடிக்கையாளர் சேவையில் நான்கு முறை ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். ஐந்தாவது முறை பேசியவர், "ஸ்டேட்டிக் ஐ.பி. ஆபீஸ் கனெக்‌ஷனுக்குத்தான் சார் தருவோம்" என்றார். ஸ்டேட்டிக் என்றால் மாறாத தனி எண். கடைசியில் வேலை ஆனது எங்கள் ஏரியாவில் பைபர் இழுக்கிற அண்ணனால். பதினைந்து வருடம் முன்பு எங்கள் வீட்டுக்குக் கேபிள் டிவி கொடுத்தவரும் அவர்தான். "அப்பா மழைக் கணக்கா? முன்னாடியே சொல்லக் கூடாதா தம்பி" என்றார். மாதக் கட்டணத்துக்கு மேல் கொஞ்சம் தனியாகக் கட்ட வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றார்.

அந்த ஒரு வாரத்தில் புதிய ஐ.பி. முறையான ஐ.பி.வி6-ஐ முயன்று பார்த்தேன். அதில் எண்களுக்குப் பஞ்சமே இல்லை, லேப்டாப்புக்கே நேராக ஒரு பொது எண் வந்துவிடும். ஏ ரெக்கார்டுக்குப் பதில் நான்கு ஏ போட்ட ரெக்கார்டு எழுத வேண்டும், அவ்வளவுதான். என் மொபைல் டேட்டாவில் உடனே திறந்தது. அத்தை பையனின் அலுவலகத்தில் திறக்கவில்லை, அங்கே இன்னும் பழைய முறை மட்டும். தவிர, எங்கள் ரவுட்டர் ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும் எண்ணின் முன்பாதி மாறியது. சேவை கொடுப்பவரைப் பொறுத்து இது வேறுபடலாம். என் வீட்டில் இப்படித்தான்.

ஸ்டேட்டிக் எண் வந்தது. ஏ ரெக்கார்டை மாற்றினேன். எனக்கு மொபைலில் உடனே வந்துவிட்டது. கோயம்புத்தூரில் வரவில்லை. டொமைன் விற்றவர்களின் உதவிப் பக்கத்தைப் பார்த்தால், மாற்றம் உலகம் முழுக்கப் பரவ 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம் என்று போட்டிருந்தது.

இந்தப் 'பரவ' என்ற சொல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே எதுவும் பரவுவதில்லை. வெளியூரில் இருந்து ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்ட்ரலில் கேட்டால், எதிரே பூங்கா நிலையத்தில் ஏறி மாம்பலத்தில் இறங்கிக் கேளுங்கள் என்பார்கள். மாம்பலத்தில் கேட்டால், அந்தத் தெரு முனை டீக்கடையில் கேளுங்கள் என்பார்கள். டீக்கடைக்காரர்தான், "மழை எழுதுவாரே, அவரா? 27" என்று சொல்வார். டி.என்.எஸ். அப்படியேதான் நடக்கிறது. முதலில் வேர் சர்வர், அது டாட் இன் பக்கம் கைகாட்டும், டாட் இன் என்னுடைய நேம் சர்வரைக் காட்டும், அது எண்ணைச் சொல்லும். நான் மாற்றியது டீக்கடைக்காரரிடம். அவர் அந்த நிமிடமே புதிய எண்ணைச் சொல்லத் தயார். ஆனால் ஒருமுறை விசாரித்தவர் டைரியில் எழுதி வைத்துக்கொள்கிறார். டைரியில் இருக்கும்வரை அவர் சென்ட்ரலுக்கும் போகப் போவதில்லை, டீக்கடைக்கும் வரப் போவதில்லை.

எத்தனை நேரம் டைரியில் வைத்திருக்கலாம் என்பதையும் நாம்தான் சொல்கிறோம். அதுதான் டி.டி.எல். நான் விவரம் தெரியாமல் 86,400 வினாடி என்று போட்டிருந்தேன். ஒரு முழு நாள். அன்று காலை பத்து மணிக்கு அத்தை பையன் ஒருமுறை பார்த்திருக்கிறான். பதினொன்றுக்கு நான் மாற்றினேன். அவனுக்குச் சேவை தருகிற சர்வர் மறுநாள் பத்து மணி வரை பழைய எண்ணைத்தான் சொல்லும், அதில் அதன் தவறு எதுவும் இல்லை. மாற்றப் போவதற்கு முந்தின நாளே டி.டி.எல்.லை 300-க்குக் குறைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். மாற்றிய பிறகு குறைத்துப் பயனில்லை. இன்னொன்று, 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்ற பதிலையும் டைரியில் குறிப்பார்கள். ரெக்கார்டு எழுதுவதற்கு முன்பே ஆசையில் பத்து முறை அடித்துப் பார்ப்பது நமக்கு நாமே வைத்துக்கொள்கிற ஆப்பு. அப்பா எந்தத் தளத்துக்கும் முன்னால் மூன்று டபிள்யூ அடிப்பவர், அந்தப் பெயருக்கு ரெக்கார்டு போட மறந்திருந்தேன். எங்கள் வீட்டில் இல்லை என்ற பதில் முதலில் போனது அவருக்குத்தான்.

மறுநாள் பத்து மணிக்குக் கோயம்புத்தூரில் திறந்தது. அத்தை வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள். திருச்சியில் பார்த்தார்கள். இங்கே சோபாவில் உட்கார்ந்திருந்த அப்பா, "எனக்கு மட்டும் ஏண்டா பாஸ்வேர்டு கேக்குது?" என்றார்.

அவர் போனில் தெரிந்தது எங்கள் ரவுட்டரின் நுழைவுப் பக்கம். வீட்டுக்குள் இருந்துகொண்டு வீட்டின் வெளி எண்ணைக் கேட்டால், சில ரவுட்டர்களுக்கு அந்தக் கோரிக்கையை வளைத்து உள்ளே அனுப்பத் தெரியாது. 'அந்த எண் நான்தானே' என்று தன் முகத்தையே காட்டிவிடும். முதல் நாள் தப்பான எண் எழுதியபோது இவருக்கு மட்டும் தெரிந்த தளம், சரியான எண் எழுதியதும் இவருக்கு மட்டும் தெரியவில்லை. அப்பாவுக்கு இது விளக்கக்கூடிய நகைச்சுவையாகப் படவில்லை.

என் கணினியில் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பெயருக்கு நேரே 192.168.1.7 என்று ஒரு வரி எழுதிச் சமாளித்தேன். அந்தக் கோப்புக்கு ஒரு பரம்பரை உண்டு. டி.என்.எஸ். வருவதற்கு முன்பு மொத்த வலையின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் பைன்லரின் குழு அதைப் பராமரித்தது, மற்றவர்கள் நகல் எடுத்துக்கொண்டார்கள். தாங்க முடியாத அளவுக்குக் கணினிகள் பெருகியதால்தான் பால் மொகபெட்ரிஸ் 1983-இல் டி.என்.எஸ்.ஸை வடிவமைத்தார். நாற்பது வருடம் கழித்து, ஒருவர் சோபாவில் இருந்தபடி மழைக் கணக்கு பார்க்க நான் திரும்ப அந்தக் கோப்புக்குப் போனேன். போனில் அந்தக் கோப்பை எளிதில் தொட முடியாது. அதற்காக லேப்டாப்பிலேயே வீட்டுக்கு மட்டுமான ஒரு குட்டி டி.என்.எஸ். ஓடவிட்டு, ரவுட்டரை அதனிடம் கேட்கச் சொன்னேன்.

கடைசியாகப் பூட்டுச் சின்னம். 'பாதுகாப்பற்றது' என்று உலாவி சொன்னதும் அத்தை பயந்துவிட்டார். அந்தப் பூட்டுக்குத் தளத்துக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சேவை தரும் சான்றிதழ் இலவசம். 80-ஆம் போர்ட் வெளியில் இருந்து எட்டினால் அதுவே வந்து சோதித்துவிட்டுக் கொடுத்துவிடும். எனக்குத் தந்தது 90 நாள் சான்றிதழ், தானாகப் புதுப்பிக்க வைத்துவிட்டேன். இந்தச் சேவை எல்லோருக்கும் என்று திறக்கப்பட்ட தேதியைத் தற்செயலாகப் பார்த்தேன்: 2015 டிசம்பர் 3. அந்தத் தேதியில் மேற்கு மாம்பலத்தில் பல வீடுகளில் கரண்ட் இல்லை, போன் இல்லை, தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்திருந்தது.

அப்பா நோட்டில் டிசம்பர் 2, 2015-க்கு நேரே எண் கிடையாது. 'வழிந்துவிட்டது' என்று எழுதியிருக்கிறார். ஐந்து லிட்டர் கேன் 159 மில்லிமீட்டரில் நிரம்பிவிடும். என் நிரலுக்கு அந்தக் கட்டத்தில் எண்தான் வேண்டும். 159 என்று போட்டுப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி வைக்கிறேன் என்றேன். "தெரியாததை எப்படிடா நம்பரா போடுவ?" என்றார். நிரலை மாற்றினேன். அந்த மாத வரைபடத்தில் அந்த நாளுக்குக் கம்பம் இல்லை, அந்த ஒரு சொல் மட்டும் நெட்டாக நிற்கிறது.

சான்றிதழ் வாங்கினால் நம் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிற ரோபோக்கள் சில நிமிடங்களில் கதவைத் தட்டத் தொடங்கின. நிர்வாகப் பக்கம் இருக்கிறதா, பாஸ்வேர்டு கோப்பு இருக்கிறதா என்று ராத்திரி முழுக்க விசாரிப்பு. நான் அந்த இரண்டு போர்ட்டைத் தவிர எதையும் திறக்கவில்லை, மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அப்பாவுக்கு அந்தப் பட்டியலைக் காட்டினேன். "இவ்ளோ பேரா பாக்கறாங்க!" என்று மகிழ்ந்துபோனார். நான் திருத்தவில்லை.

நவம்பர் 30, 2024. ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்த நாள். சென்னையில் காலையில் இருந்தே விடாத மழை, விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். எங்கள் தெருவில் மதியம் கரண்ட் போனது. லேப்டாப்பின் பேட்டரி நாற்பது நிமிடம் தாங்கியது. ரவுட்டருக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய குட்டி யு.பி.எஸ். இரண்டு மணி நேரம் தாங்கியது. ஆனால் தெருமுனையில் இருக்கிற பைபர் பெட்டி அதற்கெல்லாம் முன்பே அணைந்துவிட்டிருந்தது. மழைக் கணக்குத் தளம், மழை பெய்கிற நாளில் இல்லை.

மறுநாள் காலை 8:30-க்கு அப்பா குடையுடன் மாடிக்குப் போனார். நான் ஜாடியைப் பிடித்துக்கொண்டேன். கீழே இறங்குவதற்குள் போன் அடித்தது. அத்தை பையன்.

"மாமா, சைட் வரலை. எத்தனை?"

கால்குலேட்டர் உள்ளே சார்ஜ் இல்லாத என் போனில் இருந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஜாடியைக் கணக்குப் பார்த்தார்.

"ரெண்டே முக்கால் லிட்டர்டா. 31.4-ஆல வகுத்துக்கோ."